விஞ்ஞானக் கதைகளும் அமானுஷ்ய நவீனங்களும் – அவற்றின் கவர்ச்சிக்குக் காரணம் யாது?

நூல்நிலையங்களில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பாடநூல்களும் விளக்க நூல்களும் அட்டை கசங்காமல் அலமாரியில் வரிசையாக நிற்கும். விண்வெளிப் பயணத்தைக் கூறும் கதையும், பாழடைந்த மாளிகையில் நள்ளிரவில் விளக்கொளி தோன்றுவதாகக் கூறும் மர்ம நவீனமுமோ முதுகு கிழிந்து, ஏடுகள் பிரிந்து, ஓய்வின்றிக் கைமாறிக்கொண்டிருக்கும். இவ்வேறுபாட்டைக் கண்டு வருந்துவோர் பலர். வருந்துவதற்கு முன்பு, இக்கதைகளிடம் மக்கள் எதை நாடிச் செல்கின்றனர் என்று ஆராய்தல் பயனுடையது. எங்கும் எக்காலத்திலும் நிலைத்து நிற்கும் கவர்ச்சிக்குத் தக்க காரணம் இருந்தே தீரும்.

இவ்விரு வகைக் கதைகளும் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் நேரான தொடர்புடையவை. விஞ்ஞானக் கதை, ‘இவ்வாறு நடக்குமா, நடந்தால் எவ்வாறு நடக்கும்?’ என்ற வினாவை எழுப்புகிறது. அமானுஷ்ய நவீனம் அவ்வினாவை எழுப்பியபின் விடையைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்கிறது. சில சமயங்களில் விடையே தராது விட்டுவிடுகிறது. வினாவுடன் எழுந்து செல்லும் வாசகனையும் அச்சத்துடன் எழுந்து செல்லும் வாசகனையும் மறுநாள் காலையில் சந்திப்பவர் ஆசிரியரே.

ஒரே மாளிகையில் பிறந்த இரு கதைகள்

இவ்விரு வகைகளுக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சம்பவம் உதவும். இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெருமுழக்கத்துடன் வெடித்தது. அதிலிருந்து எழுந்த கந்தக வாயு வான்மண்டலத்தின் மேலடுக்கை எட்டி, நுண்துளிகளாக மாறி, உலகெங்கும் பரவிற்று. அத்துளிகள் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிட்டமையால், 1816-ம் ஆண்டில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கோடையையே காணவில்லை. குளிரும் மழையும் பயிர்களைப் பாழாக்கின.

அவ்வாண்டு ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் அவருடைய நண்பர்களும், ஓயாத மழையால் வெளியே செல்ல இயலாமல், ஒரு மாளிகையில் கூடிப் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுத வேண்டுமென்று பைரன் யோசனை கூறினார். அவர்களுள் ஒருவரான மேரி என்ற 18 வயதுப் பெண் எழுதத் தொடங்கிய கதையே, 1818-ம் ஆண்டில் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நவீனமாக வெளிவந்தது. பைரனின் மருத்துவரான பாலிடோரி எழுதிய கதை, மனித இரத்தம் குடிக்கும் பிரேதத்தைப் பற்றியது; அது 1819-ம் ஆண்டில் வெளிவந்தது. முன்னதை முதல் விஞ்ஞானக் கதை என்று பலர் கருதுகின்றனர். பின்னது ஐரோப்பிய அமானுஷ்ய நவீனங்களில் ஒரு பெருங்கிளைக்கு வித்தாயிற்று.

ஒரே கூடத்தில், ஒரே மழையில் பிறந்த இவ்விரு கதைகளிலும் இறந்தவர் எழுகின்றனர்; கேட்போர் நடுங்குகின்றனர். வேறுபாடு ஒன்றே. பாலிடோரியின் பிரேதம் எவ்வாறு உயிர்த்தது என்று எவரும் கேட்பதில்லை. மேரி ஷெல்லியின் கதையிலோ மந்திரவாதிக்கு இடமில்லை. ரசாயனமும் உடற்கூறும் பயின்ற ஒரு மாணவன் தன் ஆய்வினால் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டுகிறான். இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கல்வானி கண்டு வெளியிட்டிருந்த காலம் அது. அன்றைய அறிவு நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே எடுத்து வைத்து, அதனால் விளையும் நன்மை தீமைகளை ஆராய்வதே விஞ்ஞானக் கதையின் இலக்கணம். அறிவு நிற்கும் இடத்திற்கு அப்பால் உள்ள இருளைக் காட்டுவது அமானுஷ்ய நவீனத்தின் இலக்கணம்.

மருட்கையும் அச்சமும்

இவ்விரு வகைக் கதைகளும் எழுப்பும் உணர்ச்சிகள் நம் நாட்டு இலக்கண நூலோர்க்குப் புதியவை அல்ல. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் அற்புதத்தையும் பயானகத்தையும் தனித்தனிச் சுவைகளாக வகுத்துள்ளது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் சேர்த்திருக்கிறது. வியப்பு பிறப்பதற்கு அந்நூல் கூறும் நிலைக்களன்கள் நான்கு: முன்பு கண்டிராத புதியது, அளவில் மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாகத் திரிவது.

இந்நான்கையும் வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானக் கதையையும் எடுத்துப் பார்க்கலாம். அண்டவெளியின் பெருமை, அணுவின் சிறுமை, புதிய உயிரினம், மனிதன் இயந்திரமாகவும் இயந்திரம் மனிதனாகவும் மாறுதல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் அதில் காணப்படும். விஞ்ஞானியை ஆய்வுக்கூடத்திற்கு ஈர்ப்பவையும் இவையே. ஆகையால், விஞ்ஞானக் கதையை விரும்பிப் படிக்கும் மாணவன் பாடத்திலிருந்து விலகிச் செல்கிறான் என்று கொள்ளுதல் பொருந்தாது. பாடம் எங்கே தொடங்கிற்றோ அங்கேயே அவன் நிற்கிறான்.

சூறாவளியை அடக்கிய எண்ணெய்

இந்திய மொழிகளில் இவ்வகைக் கதைக்கு ஆரம்பகால எடுத்துக்காட்டாக விளங்குவது, பௌதிக அறிஞர் ஜகதீச சந்திர போஸ் வங்க மொழியில் எழுதிய கதையாகும். மின்காந்த அலைகளைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளால் போஸ் புகழ்பெறத் தொடங்கிய காலத்தில், கல்கத்தாவில் ‘குந்தலீன்’ என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்து விற்றுவந்த ஹேமேந்திர மோகன் போஸ் என்பவர் ஒரு சிறுகதைப் போட்டியை ஏற்படுத்தினார். தைலத்தின் பெயர் கதையில் இடம்பெற வேண்டும். ஆனால் கதை வெறும் விளம்பரமாகவும் இருத்தல் கூடாது என்பது நிபந்தனை. 1896-ம் ஆண்டில் அப்போட்டியில் முதற்பரிசு பெற்றது ஜகதீச சந்திர போஸின் கதை. பிற்காலத்தில் அதைத் திருத்தி விரிவாக்கி, ‘ஓடிப்போன புயல்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1921-ம் ஆண்டில் தம் கட்டுரைத் தொகுதியில் அவர் சேர்த்துக்கொண்டார்.

கதையின் சாரம் இது: கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கும் என்று வானிலை அலுவலகம் எச்சரிக்கிறது. நகரம் நடுங்கிக் காத்திருக்கிறது. புயல் வரவேயில்லை. அது எங்கே மறைந்தது என்று விஞ்ஞானிகள் தலைக்கொரு கொள்கையாகக் கூறி வாதிடுகின்றனர். உண்மையோ வேறு. நோயினின்று தேறுவதற்காக இலங்கைக்குக் கப்பலில் சென்ற ஒருவர், நடுக்கடலில் அப்புயலில் சிக்கினார். எண்ணெய் அலைகளை அடக்கும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வரவே, தம்மிடமிருந்த கூந்தல் தைலப் புட்டியைக் கடலில் வீசினார்; கடல் அமைதியடைந்தது.

இக்கதை நகைப்பை மூட்டினும், அதன் அடியில் கிடப்பது உண்மையான பௌதிகம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனையடுத்த கிளாப்பம் என்ற இடத்திலுள்ள குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றியபோது, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் சிற்றலைகள் அடங்கியதைக் கண்டார். இச்செய்தி 1774-ம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு தேக்கரண்டியை 5 கன சென்டிமீட்டர் என்றும், அரை ஏக்கரை 2,000 சதுர மீட்டர் என்றும் கொண்டு கணக்கிட்டால், எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு என்று வரும். இது ஏறக்குறைய ஒரு மூலக்கூற்றின் நீளமேயாகும். பள்ளிச் சிறுவரும் செய்யக்கூடிய இவ்வகுத்தலினால், கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூற்றின் அளவு நம் கைக்கு எட்டுகிறது.

அங்ஙனமாயின் எண்ணெய் புயலையும் அடக்குமா? அடக்காது. எண்ணெய்ப் படலம் நீரின் மேற்பரப்பிலுள்ள சிற்றலைகளையே தணிக்கும். புயலுக்கு வேண்டும் ஆற்றல், 26 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வெப்பமுற்ற பரந்த கடற்பரப்பிலிருந்து எழும் நீராவி, மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்திலிருந்து கிடைக்கிறது. அதன் அளவு மனித சக்தியால் எதிர்க்கத்தக்கது அன்று. அமெரிக்காவில் 1962 முதல் 1983 வரை, வெள்ளி அயோடைடைத் தூவிச் சூறாவளிகளை வலுவிழக்கச் செய்யும் முயற்சி அரசாங்கத் திட்டமாகவே நடைபெற்றது. அதுவும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

போஸின் கதை மறைமுகமாகச் சுட்டும் வேறொரு பொருளும் உண்டு. 1864-ம் ஆண்டின் கல்கத்தாப் புயலுக்கும் அதன்பின் வந்த பஞ்சங்களுக்கும் பிறகு, 1875-ம் ஆண்டில்தான் இந்திய வானிலை இலாகா நிறுவப்பெற்றது. வராத புயலைப் பற்றி நகைக்கும் கதை பிறப்பதற்கு, வரும் புயலை முன்னறிவிக்கும் நிலையம் முதலில் தோன்ற வேண்டியிருந்தது. 1999-ம் ஆண்டு அக்டோபரில் ஒரிஸாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013-ம் ஆண்டு அக்டோபரில் அதே கரையை ‘பாய்லின்’ என்ற கடும்புயல் தாக்கியபோது, லட்சக்கணக்கானோர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டமையால் உயிரிழந்தோர் தொகை நூறுக்கும் குறைவாயிற்று. மாயப் புட்டியால் இயலாததை, முன்னறிவிப்பும் அதை நம்பி வீட்டை விட்டு வெளியேறிய மக்களும் சாதித்தனர். எச்சரிக்கையை மக்கள் நம்புமாறு செய்தவர்கள் களப்பணியாளர்கள்.

சென்னையில் வெளிவந்த கனவு

விஞ்ஞானக் கதை வியப்பூட்டுவதுடன் நில்லாது, உள்ள உலகத்தை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாகவும் பயன்படும். இதற்குச் சான்று, ரொக்கேயா ஸகாவத் ஹுசேன் என்ற வங்காள முஸ்லிம் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை. சென்னையில் கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய மாதர் பத்திரிகையில் 1905-ம் ஆண்டில் அது வெளியாயிற்று. அக்கதையில் வரும் நாட்டில் ஆடவர் வீட்டினுள் அடங்கியிருக்க, பெண்கள் நாட்டை ஆளுகின்றனர். பெண்களுக்குரிய பல்கலைக்கழகம் ஒன்று பலூனில் குழாய்களை இணைத்து மேகத்திலிருந்து நேரே நீரை எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. அவ்வெப்பத்தையே பகைவர்மீது செலுத்தி நாடு காக்கப்படுகிறது.

பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த காலத்தில், பெண்களின் ஆய்வுக்கூடத்தைக் கற்பனை செய்தார் ஆசிரியை. அவர் கற்பனையோடு நிற்கவுமில்லை. கணவர் மறைந்தபின் 1909-ல் பாகல்பூரிலும், 1911-ல் கல்கத்தாவிலும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். சூரிய வெப்பத்தால் உணவு சமைப்பதும், சூரிய ஒளியால் வயலுக்கு நீர் இறைப்பதும் இன்று நாடெங்கும் காணும் காட்சிகள்.

விஞ்ஞானிகளே கதை எழுதும் மரபு போஸுடன் முடிந்துவிடவில்லை. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் (1938–2025), மராட்டி விக்ஞான பரிஷத் 1974-ம் ஆண்டில் நடத்திய கதைப் போட்டிக்குக் ‘கிருஷ்ண விவரம்’ என்ற கதையை அனுப்பினார். கருந்துளை என்பது அதன் பொருள். தம் புகழ் நடுவர்களின் தீர்ப்பைப் பாதிக்கலாகாது என்று கருதிய அவர், தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக்கி ஒரு புனைபெயரை அமைத்துக்கொண்டார்; கையெழுத்தும் தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று மனைவியைக் கொண்டு படியெடுக்கச் செய்தார். கதை முதற்பரிசு பெற்றது.

வலிமை மிக்க ஈர்ப்பின் அருகில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது இத்தகைய கதைகளுக்கு அடிப்படையான கொள்கை. இது கற்பனையன்று. இடங்காட்டும் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்புக் குறைவான உயரத்தில் செல்லுவதால், அவற்றிலுள்ள கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. இதைத் திருத்தாவிடில், செல்லிடப்பேசி காட்டும் இடம் ஒரே நாளில் கிலோமீட்டர்க் கணக்கில் பிழைபட்டுவிடும்.

அச்சத்தில் இன்பம் எங்ஙனம்?

இனி மற்றொரு வகையை நோக்குவோம். வியப்பு இனியது, ஆகையால் அதை நாடுவது இயல்பே. அச்சமோ துன்பந்தருவது. காசு கொடுத்து அதை வாங்குவானேன்?

உடலியல் இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் உட்பகுதியிலுள்ள சில உறுப்புக்கள் உடலைத் தயார்ப்படுத்துகின்றன. சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, உணர்வு கூர்மையடைகிறது. ஓடவோ போரிடவோ வேண்டி இயற்கை அளித்த ஏற்பாடு இது. கதை படிக்கையிலும் இவ்வேற்பாடு ஓரளவு இயங்குகிறது. ஆனால் விளக்கெரியும் அறையில், தன் வீட்டில், பாதுகாப்பாக அமர்ந்திருப்பதை வாசகன் மறப்பதில்லை. ஆபத்தின்றி ஆபத்தின் விறுவிறுப்பையும், புத்தகத்தை மூடியதும் நிம்மதியையும் அவன் அடைகிறான். ஊஞ்சலை வேகமாக ஆட்டச் சொல்லிக் கூச்சலிடும் குழந்தையின் மகிழ்ச்சியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மற்றொரு காரணம், புதிரில் மனிதனுக்குள்ள ஆர்வம். மாடியில் கேட்ட காலடிச் சத்தம் பேயினுடையதா, மனிதனுடையதா என்ற ஐயமே வாசகனை அடுத்த அத்தியாயத்திற்கு இழுத்துச் செல்கிறது. இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிப் என்ற பெண்மணி 1794-ல் வெளியிட்ட ‘உடோல்போவின் மர்மங்கள்’ என்ற நவீனத்தில், அமானுஷ்யமாகத் தோன்றியவற்றுக்கெல்லாம் இறுதியில் இயற்கையான காரணங்களையே கூறிச்செல்கிறார். நம் நாட்டில், தேவகீநந்தன் கத்ரி 1888-ல் இந்தியில் வெளியிடத் தொடங்கிய ‘சந்திரகாந்தா’வும் இத்தகைய சுவையுடையது. மயக்கப் பொடியும், மாறுவேடமும், பொறிகள் நிறைந்த மர்மக் கோட்டைகளும் மலிந்த அக்கதையைப் படிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்துக்களைக் கற்றனர் என்பது இலக்கிய வரலாறு. நூறு பிரசாரங்களால் ஆகாத காரியத்தை ஒரு மர்மக் கதை செய்து முடித்தது. எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டோர் இதைச் சிந்தித்தல் தகும்.

பேய் நடமாடிய ஆய்வுக்கூடம்

மர்ம நவீனம் கற்பிக்கும் பொறுமை உண்மை வாழ்வில் பயன்பட்டதற்கு ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தில் பேய் உலவுவதாகப் பேச்சு இருந்துவந்தது. அங்கே பணிபுரிந்த விக் டாண்டி என்ற பொறியியலாளர் ஓரிரவு தனித்திருக்கையில், காரணமற்ற அச்சமும் குளிரும் தம்மைப் பற்றியதை உணர்ந்தார். கடைக்கண்ணில் ஒரு சாம்பல் நிற உருவம் தோன்றிற்று. திரும்பி நோக்கவும் மறைந்தது.

மறுநாள், வாட்போட்டியில் பயன்படும் மெல்லிய கத்தியொன்றைச் செப்பனிடுவதற்காகப் பட்டறைப் பிடியில் பொருத்தி வைத்தார். எவரும் தொடாமலே அதன் நுனி வேகமாக அதிர்ந்தது. பேயின் வேலை என்று ஓடியிருப்போர் பலர்; டாண்டியோ கத்தியை அறையின் வெவ்வேறு இடங்களுக்கு நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் அதிர்வு மிகுந்தும், மற்றோரிடத்தில் அடங்கியும் காணப்பட்டது. அறையில் ஒலி அலை ஒன்று நிலைத்து நிற்பதை அவர் புரிந்துகொண்டார். செகண்டுக்குச் சுமார் 19 அதிர்வுகளைக் கொண்ட அவ்வலை மனிதச் செவிக்கு எட்டாதது. புதிதாகப் பொருத்தப்பட்ட காற்று வெளியேற்றும் விசிறியே அதைப் பிறப்பித்தது. விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் அதிர்வு நின்றது. 1998-ம் ஆண்டில் டாண்டி இதை ஆய்வுரையாக வெளியிட்டார். இவ்வொலியே பேயுணர்ச்சிக்கெல்லாம் காரணம் என்று கொள்வதற்கில்லை; பின்னர் நடைபெற்ற சோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. எனினும் அவர் பின்பற்றிய முறை ஐயத்திற்கு இடமற்றது. அஞ்சிய இடத்திற்கே மறுநாள் திரும்பிச் சென்று அளந்து பார்த்தார்.

தமிழ்நாட்டில் ‘அமுக்குவான் பேய்’ என்று கூறப்படும் அனுபவமும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளது. கனவு காணும் உறக்கத்தின்போது, கனவில் ஓடுபவன் உண்மையாகவே எழுந்து ஓடாதபடி மூளை தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. சில வேளைகளில் அறிவு விழித்துக்கொண்ட பின்பும் தசைகள் சில நொடிகள் விடுபடுவதில்லை. அப்பொழுது மார்பின்மீது யாரோ அமர்ந்திருப்பதுபோலத் தோன்றும்; கனவின் எச்சமான உருவங்களும் அறையில் தென்படும். இதைப் பலர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அனுபவிக்கின்றனர். காரணம் அறிந்தவனுக்கு அது சிறு இடையூறு. அறியாதவனுக்கு மாந்திரீகரிடம் ஓடச்செய்யும் பீதி.

எல்லை கடக்கும் இடம்

அச்சம் புத்தகத்தின் அட்டைக்குள் அடங்கியிருக்கும் வரையில் அது பொழுதுபோக்கு. அட்டையைக் கடந்துவிட்டால் நிலைமை வேறு. கல்வியறிவு ஒன்றே இதற்குப் போதிய காவலன்று. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். இங்கிலாந்துக் கிராமமொன்றில் இரு சிறுமியர் எடுத்த புகைப்படங்களிலுள்ள தேவதைகளை மெய்யென நம்பி, 1920-ம் ஆண்டில் அவர் கட்டுரை எழுதினார். அவை அட்டையில் வெட்டி ஊசியால் நிறுத்தப்பட்ட சித்திரங்களே என்று, மூதாட்டிகளாகிவிட்ட அச்சிறுமியர் 1983-ல் ஒப்புக்கொண்டனர்.

நம் நாட்டில் 2001-ம் ஆண்டு மே மாதம், தில்லியில் ‘குரங்கு மனிதன்’ ஒருவன் இரவில் உலவித் தாக்குவதாக வதந்தி பரவிற்று. கோடைப் புழுக்கத்தாலும் மின்தடையாலும் மக்கள் மொட்டைமாடிகளில் உறங்கிய காலம் அது. நூற்றுக்கணக்கானோர் அதைக் கண்டதாகக் கூறினர். அது வந்துவிட்டதென்ற கூச்சலைக் கேட்டு அஞ்சி ஓடிய சிலர் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தனர். அத்தகைய பிராணி எதுவும் இல்லை என்றும், இது கூட்டு மனப்பீதியே என்றும் விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. குரங்கு மனிதன் இல்லை, மாண்டவர்கள் உண்மையானவர்கள்.

இதனினும் கொடியது, பெண்களைச் சூனியக்காரிகள் என்று பழிசுமத்தித் துன்புறுத்தும் வழக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு மடிந்தாலும், காரணம் தேடப்படாமல் ஓர் ஆள் தேடப்படுகிறார். பெரும்பாலும் அவர் துணையற்ற பெண். பல சமயங்களில் அவருடைய நிலத்தின்மீது பிறர்க்கு ஆசை இருக்கும். இதைத் தடுக்கப் பீகாரில் 1999-லும், மகாராஷ்டிரத்தில் நரபலி, மாந்திரீக மோசடி ஆகியவற்றையும் சேர்த்து 2013-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டம் குற்றம் நிகழ்ந்தபின் வருவது. காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று முன்னதாகவே சொல்லுவதற்கு வேறு ஆட்கள் தேவை.

அமானுஷ்யக் கூற்றுக்களை இகழாமல் சோதிக்கவும் கூடும். நார்லிகரும் அவருடைய சகாக்களும் புனேயில், கல்வியில் சிறந்த மாணவர் நூற்றுவரின் ஜாதகங்களையும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் நூற்றுவரின் ஜாதகங்களையும் கலந்து, எது எவருடையது என்று கூறுமாறு ஜோதிடர்களை அழைத்தனர். 27 பேர், ஆளுக்கு 40 ஜாதகங்களை ஆராய்ந்து விடையனுப்பினர். சரியான விடைகள் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு கிடைக்கும். 2009-ம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. கதை எழுதிய கையே சோதனையையும் நடத்திற்று என்பது குறிப்பிடத்தக்கது.

வகுப்பறையில் பயன்படுத்தும் முறை

இக்கதைகளை மாணவரிடமிருந்து பறிப்பதால் பயனில்லை. தலையணைக்கடியில் அவை மீண்டும் தோன்றும். அவற்றைக் கரும்பலகைக்குக் கொணர்வதே சிறந்த வழி. சில எடுத்துக்காட்டுக்கள்:

முதலாவது, ஜூல்ஸ் வெர்ன் 1865-ல் வெளியிட்ட சந்திரப் பயணக் கதை. அதில் 900 அடி நீளமுள்ள பீரங்கி, செகண்டுக்கு 12,000 கஜ வேகத்தில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில், மூவரை விண்ணில் ஏவுகிறது. பூமியின் ஈர்ப்பினின்று விடுபடத் தேவையான வேகமும் ஏறக்குறைய அதுவே. வெர்ன் இங்கே தவறவில்லை. ஆனால் 900 அடிக்குள், அதாவது 274 மீட்டருக்குள், அவ்வேகத்தை எய்தினால் முடுக்கம் எவ்வளவு? இறுதி வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 22,000 மடங்கு என்று தெரியவரும். 50 கிலோகிராம் எடையுள்ளவர் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பாரத்தால் நசுங்குவார். ராக்கெட் ஏன் மெல்ல எழும்பிப் படிப்படியாக விரைகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குதல் அரிது.

இரண்டாவது, எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய, கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதை. உடல் முழுவதும் ஒளியை ஊடுருவவிடுமாயின், கண்ணின் விழித்திரையும் ஒளியை உறிஞ்சாது; உறிஞ்சாவிடில் பார்வை இல்லை. பிறர் கண்ணுக்குத் தெரியாதவன் தானும் குருடனாவான். ரஷ்ய நூலாசிரியர் யாக்கவ் பெரல்மான் இதை எடுத்துக்காட்டினார்.

மூன்றாவது, பேய்க்கதைகளில் வரும் பூதம். மனிதனைப் பத்து மடங்கு நீளம், அகலம், கனமுடையதாகப் பெருக்கினால் எடை ஆயிரம் மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கே பெருகும். முதல் அடி எடுத்து வைத்ததும் பூதத்தின் தொடை எலும்பு முறிந்துவிடும். 1957-ல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே வாழ்ந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமான உயிரியல் அறிஞர் ஹால்டேன், 1926-ல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விதியை அழகுற விளக்கியுள்ளார்.

இத்தகைய பயிற்சிகளில் ஆசிரியர் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ளுதல் நலம். கதையின் பிழையைக் கண்டதும் கதையே பயனற்றதென்று மாணவர் கருதிவிடலாகாது. ரஷ்யாவில் ஸியோல்கோவ்ஸ்கியும் ஜெர்மானிய மொழி பேசிய ஓபர்த்தும், ராக்கெட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது வெர்ன் கதைகளைப் படித்தே. முதன்முதலில் திரவ எரிபொருள் ராக்கெட்டை 1926-ல் செலுத்திய அமெரிக்கரான காடர்ட், சிறுவயதில் வெல்ஸின் செவ்வாய்க் கதையால் கவரப்பட்டவர். பீரங்கியின் பிழையைக் கண்டவர்களே ராக்கெட்டை அமைத்தனர். சந்திரனுக்குச் செல்லும் ஆசையை அவர்களுக்கு ஊட்டியது பிழையுடைய கதைதான்.

களப்பணியாளர்க்கும் இம்முறை பொருந்தும். ஊர்க்கோடிப் புளியமரத்தில் பேய் இருப்பதாகக் கூறுவோரை நகைத்தால் உரையாடல் அத்துடன் முடியும். யார் கண்டார், எந்நேரத்தில், எவ்வளவு தூரத்தில், அதற்குமுன் என்ன நிகழ்ந்தது, வேறு எதனால் அது நேர்ந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், சொல்லுபவரே துப்பறிபவராகிவிடுவார். கதையில் அடுத்த பக்கத்தைப் புரட்டிய அதே ஆர்வம் இங்கும் துணைநிற்கும்.

வியப்பும் அச்சமும் மனிதனுடன் பிறந்தவை. அவற்றை ஒழித்தல் இயலாது, ஒழிக்க வேண்டியதும் இல்லை. இருட்டில் ஓர் ஒலி கேட்டதும் மனம் கேட்கும் முதல் வினா, ‘அது என்ன?’ என்பது. பேய்க்கதையும் விஞ்ஞானமும் அவ்வினாவிலிருந்தே புறப்படுகின்றன. விளக்கை எடுத்துக்கொண்டு ஒலி வந்த திசையில் நடப்பதற்கு மாணவனைப் பழக்கிவிட்டால், அவன் எந்தக் கதையையும் அச்சமின்றிப் படிக்கலாம்.